ஆணி வேண்டாத படகுகள்

நம் பங்கின் ஜூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கோவில் எழும்பிய வரலாற்றையும் பணியாற்றிய குருக்களின் வரிசையையும் எழுத நம்மைவிடத் தகுதியான பெரியவர்கள் பங்கில் இருக்கிறார்கள், நாம் படகைப் பற்றி எழுதுகிறோம் என்று சொன்னோம். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாம்பரத்தில் ரயில் உண்டு, விமானப் படைத் தளம் உண்டு, ஏரிகள் உண்டு. படகுக்கு இங்கே என்ன வேலை என்பது அந்தப் பார்வையின் பொருள்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் நாட்களை நாம் அத்தனை எளிதில் மறந்துவிட்டோமா? அடையாறு கரைபுரண்டு வந்தபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு ஓடியது. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்து மக்களை மீட்டார்கள். அந்த நாட்களில் இரண்டு இரவுகளை மொட்டை மாடியில் கழித்த இளைஞர் ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். குமரி மாவட்டத்துக் கடற்கரைக் குடும்பம். பிழைப்புக்காக இங்கே வந்து தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலில் காத்து நின்றார்.

"ஃபாதர், வீட்டுலயே ஒரு மரப் படகு செய்யலாம்னு இருக்கேன். அடுத்த வெள்ளத்துக்கு நம்ம தெரு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்ல?"

கையில் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறி உட்காருவதுபோல, ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் விளிம்பின்மேல் ஏறி நிற்கும் படகு அது. பலகையைப் பலகையோடு எதைக்கொண்டு இணைப்பது என்பதுதான் அவருடைய சிக்கல். இரும்பு ஆணி என்கிறார் ஒருவர். செப்பு ஆணி என்கிறார் இன்னொருவர். திருகாணி என்பவரும் உண்டு, வெறும் பசையே போதும் என்பவரும் உண்டு. "எதை நம்புறது ஃபாதர்?" என்றார். நம் ஆண்டவர் தச்சர் வீட்டில் வளர்ந்தவர் என்பதால் குருக்களுக்கெல்லாம் உளி பிடிக்கத் தெரியும் என்று மக்கள் நினைக்கிறார்கள் போலும்! செமினரியில் நாம் படித்தது இறையியல். ஆனால் அங்கே படித்த திருச்சபை வரலாற்றில் படகு ஒன்று வந்ததுண்டு. அந்த நினைவைப் பிடித்துக்கொண்டு தேடப்போய், கண்டெடுத்ததே இக்கட்டுரை.

முதலில் ஆணியைப் பார்த்துவிடுவோம். இரும்பு ஆணியைப் பலகை இரண்டையும் துளைத்து அடித்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மடக்கி விடுவது பழைய முறை. மலிவானது. ஆனால் உப்பு நீரில் இரும்பு துருவேறும். துருவேறும்போது தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து, மெத்தென்று ஆக்கிவிடும். ஆணி இருக்கும், அது பிடித்துக்கொள்ள மரம் இராது. செப்பு ஆணி அப்படியன்று. அதன் நுனியில் வட்டமான சிறு செப்பு வில்லையைக் கோத்து, மிச்சத்தை வெட்டி, தலையைச் சுத்தியால் தட்டிப் பரப்பினால் பலகை இரண்டும் இறுகக் கவ்விக்கொள்ளும். விலை அதிகம், உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக இருவர் வேண்டும். பித்தளைத் திருகாணி கடல் நீரில் மெல்ல மெல்லத் தன் துத்தநாகத்தை இழந்து, பார்வைக்கு முழுதாகவும் உள்ளுக்குள் பொடியாகவும் ஆகிவிடும். இவ்வளவும் அந்தத் தம்பியின் புத்தகத்திலேயே இருந்தது.

புத்தகத்தில் இல்லாதது நம் கடற்கரை.

மோந்தே கொர்வீனோ ஊரைச் சேர்ந்த அருளப்பர் என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவியைப் பற்றித் திருச்சபை வரலாற்றில் நாம் படித்திருந்தோம். பாப்பரசர் 4ஆம் நிக்கோலாஸ் அனுப்பச் சீன நாட்டுக்குப் போகும் வழியில் 1291ஆம் ஆண்டளவில் இந்தியா வந்து, புனித தோமையார் ஆலயம் இருந்த நாட்டில் 13 மாதங்கள் தங்கினார். உடன் வந்த சாமிநாதர் சபைக் குரு இங்கேயே இறந்து, அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அருளப்பர் பின்னாளில் இன்றைய பீக்கிங் நகரின் முதல் பேராயரானார். அவர் இங்கிருந்து எழுதிய கடிதத்தில் நம்மவர் கப்பல்களைப் பற்றியும் சொல்கிறார், பாராட்டி அன்று! இரும்பே இல்லாத, பலமற்ற கப்பல்கள். துணியைத் தைப்பதுபோல் நூலால் தைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்த்தாக வேண்டும் என்று குறைபட்டுக்கொள்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோவும் ஓர்மூஸ் துறைமுகத்தில் தைத்த கப்பல்களைக் கண்டு அஞ்சினார். ஐரோப்பியர் கண்ணுக்கு ஆணி இல்லாத கப்பல் என்பது பித்தான் இல்லாத சட்டையைப்போல் தோன்றியிருக்க வேண்டும்.

இதற்கு அந்நாளில் ஒரு கட்டுக்கதையும் உலவியது. இந்தியக் கடலில் காந்த மலைகள் உண்டாம்; ஆணி அடித்த கப்பல் பக்கத்தில் போனால் ஆணிகளை எல்லாம் மலை உருவிக்கொள்ளுமாம்; ஆகவேதான் இந்தியர் கயிற்றால் தைக்கிறார்களாம். 6ஆம் நூற்றாண்டிலேயே புரோக்கோப்பியுஸ் என்னும் வரலாற்றாசிரியர் இக்கதையை மறுத்துவிட்டார். ஆனால் அவர் சொன்ன காரணமும் பொருந்தவில்லை: இந்தியரிடம் இரும்பு இல்லை என்றார். எஃகு உருக்கி உலகுக்கு அனுப்பிய நாட்டில் படகுக்கு நாலு ஆணி கிடைக்காமலா போயிற்று? காரணம் வேறு. அதை அறியக் கடலுக்குள் போகவேண்டியதில்லை. சாந்தோம் கரையில் நின்றால் போதும்.

1560களில் வெனிஸ் நகர வணிகர் செசாரே ஃபெதெரீச்சி சாந்தோம் வந்தார். அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரை சேர்க்க வேண்டும். கப்பலோடு வந்த படகுகளை விட்டால் அலை அவற்றைத் தூள் தூளாக்கிவிடும் என்று எழுதுகிறார் அவர். ஆகவே அவ்வூரார் உயரமான பக்கங்கள் கொண்ட படகுகளை, சிறு சிறு பலகைகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்து, அதற்கென்றே செய்து வைத்திருந்தார்கள். பின்வந்த ஆங்கிலேயர் மசூலாப் படகு என்று எழுதியது இதைத்தான்.

இந்தப் படகின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 30 முதல் 35 அடி நீளம், தட்டையான அடிப்பாகம். உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டங்கள் கிடையா. பலகையின் விளிம்பு ஓரமாக வரிசையாகத் துளையிட்டு, இரு பலகைகள் சேரும் இடத்தின்மேல் தென்னை நாரை அல்லது வைக்கோலைத் திரியாகச் சுருட்டி வைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு ஓட்டி இறுக்கித் தைத்துவிடுவார்கள். திரி நீரில் ஊறிப் பருத்து இடைவெளியை அடைக்கும். அப்படியும் நீர் கசியும். இறைத்துக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்டையல் பின்னால் நின்று அலையை எண்ணுவார். பெரிய அலைகள் போனபின் வரும் சிறிய அலைக்காகக் காத்திருந்து அவர் குரல் கொடுத்ததும், துடுப்புப் போடுவோர் அத்தனை பேரும் ஒருசேர வலிப்பார்கள். பக்கத்தில் கட்டுமரங்கள் காவலாக வரும், தவறி விழுந்தவரைத் தூக்குவதற்கு.

சென்னையில் வந்து இறங்கிய கவர்னர்கள், துரைமார்கள், துரைசானிமார்கள், வேதபோதகர்கள் எல்லாரும் இப்படித்தான் இறங்கினார்கள். பலர் தங்கள் நாட்குறிப்புகளில் அந்தக் கால் மணி நேரப் பயத்தைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். படகோட்டிகள் அரைகுறை ஆடையில் இருந்தார்கள், கூச்சலிட்டார்கள், கூலிக்கு மேல் காசு கேட்டார்கள் என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. தங்களைச் சாகாமல் கரை சேர்த்தவரின் பெயர் என்ன என்று கேட்டு எழுதியவரை நாம் இதுவரை காணவில்லை. இது நமக்கு வருத்தமே. ஆனால் அந்தப் படகோட்டிகள் தங்கள் பெயரை வேறு விதமாக எழுதி வைத்தார்கள். வடசென்னையில் அவர்கள் குடியிருந்த இடம் இராயப்பர் பெயரால் இராயபுரம் ஆயிற்று. அங்கே 1829ஆம் ஆண்டில் படகோட்டிகள் தங்கள் பணத்தில் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இன்றும் நிற்கிறது. அவ்வழியே செல்வோர் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். அந்தச் சுவர்களில் உள்ள சுண்ணாம்பும் செங்கல்லும் ஒரு வகையில் தென்னங்கயிறு சம்பாதித்துக் கொடுத்தவை.

தைத்த படகு ஏன் உடையவில்லை? இதற்கு விடை தேடி அந்தத் தம்பியையும் அழைத்துக்கொண்டு கோவளம் போனோம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனால் நமக்கு அது தொலைவன்று. கடற்கரையில், இளமையில் கட்டுமரம் கட்டிய முதியவர் ஒருவர் வலை நிழலில் உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழுந்து, "தோத்திரம் சாமி" என்றார். கேள்வியைச் சொன்னோம். இரண்டு உள்ளங்கைகளையும் விரைப்பாகச் சேர்த்துக் காட்டினார்.

"ஆணி அடிச்ச பலகை அலைக்கு முன்னால மொறைச்சுக்கிட்டு நிக்கும் சாமி. தரையில மோதுச்சுன்னா ஆணி புடுங்கிக்கும், இல்லன்னா பலகை பொளக்கும். கயிறு அப்படியில்ல." கைகளைத் தளர்த்தி ஒன்றின்மேல் ஒன்றை அசைத்தார். "கயிறுன்னா குடுத்து வாங்கும்."

நாம் பல நாள் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். அலை உடையும் கரையில் படகு மணலில் ஓங்கி மோதும். சட்டமும் ஆணியுமாக இறுக்கிய படகில் அந்த அடி முழுவதும் சில ஆணிகளின் கழுத்தில் விழுகிறது. தைத்த படகிலோ ஒவ்வொரு தையலும் சிறிது நெகிழ்ந்து, அடியைப் பக்கத்துத் தையலுக்குத் தள்ளிவிடுகிறது. படகு முழுவதும் பாய்போல் வளைந்து நிமிர்கிறது. அறுந்தால் ஒரு கயிறு அறும், சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம்.

இதே தமிழ்க் கரையில் தெற்கே போனால் காட்சி மாறுவதைக் கவனிக்க வேண்டும். கோடியக்கரை, அதிராம்பட்டினம் பக்கம் பாக்கு நீரிணையின் அமைதியான கடலில் ஓடும் வத்தை, சட்டம் நிறுத்தி ஆணி அடித்த படகு. தூத்துக்குடித் தோணியும் ஆணி அடித்ததே. வடக்கே ஒரிசாவில் பாட்டியா என்னும் படகில் பலகைமேல் பலகை ஏற்றி இரும்பால் இணைக்கிறார்கள்; ஆனால் அந்தத் தம்பியின் புத்தகத்தில் உள்ளதற்கு நேர் தலைகீழாக, கீழ்ப் பலகை மேற்பலகைக்கு வெளியே நிற்கும். ஆக, நம்மவருக்கு ஆணி தெரியாமல் இல்லை. ஆணி அடிக்கவேண்டிய கரையில் அடித்தார்கள். கூடாத கரையில் அடிக்கவில்லை. தைத்த படகு முந்தியது, ஆணிப் படகு பிந்தியது, ஆகவே முன்னேற்றம் என்று பள்ளிப் பாடம்போல் வரிசை போடுகிறவர்கள் அலையடியைப் பார்க்காதவர்கள் என்பதே நம் கருத்து.

அந்தப் புத்தகத்துப் படகின் மூதாதையரும் இதைச் சொல்கிறார்கள். டென்மார்க்கில் கிடைத்த ஹியோர்ட்ஸ்பிரிங் படகு கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பலகைகளும் தைத்தவையே, இரும்பு இல்லை. நார்வேயில் 1880ஆம் ஆண்டு கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த கப்பலில் பலகையோடு பலகையை இரும்பு ஆணிகள் பிடித்திருந்தன. ஆனால் கீழ்ப்பாகத்துப் பலகைகளைச் சட்டத்தோடு ஆணியால் இறுக்காமல் கட்டியே வைத்திருந்தார்கள். அதேபோல் செய்த கப்பல் ஒன்று 1893இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சிகாகோ கண்காட்சிக்குப் போயிற்று (சுவாமி விவேகானந்தர் பேசிய அதே சிகாகோ, அதே ஆண்டு). நடுக்கடலில் அதன் விளிம்பு 6 அங்குலம் வரை முறுக்கி நிமிர்ந்தது, ஆனாலும் கப்பல் கசியவில்லை என்று அதன் தலைவர் எழுதினார். கோவளத்து முதியவர் அங்கே இருந்திருந்தால் வியந்திருக்க மாட்டார்.

கலிலேயக் கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை பொய்த்து ஏரி வற்றிய 1986ஆம் ஆண்டில், கினோசார் ஊர் மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் ஒரு படகைக் கண்டார்கள். நம் ஆண்டவர் காலத்தை ஒட்டியது. ஏறத்தாழ 8 மீட்டர் நீளம். பலகைகளின் விளிம்பில் துளை குடைந்து, மர நாக்குகளைச் செருகி, மர முளை அடித்து இணைத்திருந்தார்கள். சட்டங்களுக்கு மட்டும் இரும்பு ஆணி. பலமுறை ஒட்டுப்போட்ட ஏழைப் படகு. இராயப்பரின் படகும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணினோம், எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வோம்.

மசூலாப் படகின் முடிவு விரைவாகச் சொல்லக்கூடியது. 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1881ஆம் ஆண்டுப் புயல் கட்டியதைப் பெரும்பாலும் அழித்தது, மீண்டும் கட்டினார்கள். துறைமுகம் உறுதியானதும் கப்பல் நேரே கரையணைந்தது. மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் நம் படகு வகைகளை ஆராய்ந்து எழுதியபோது மசூலா கரைவலை இழுக்கும் படகாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் குவிந்த கண்ணாடி இழைப் படகுகள், கட்டுமரத்தையும் கரையிலிருந்து பெரும்பாலும் விரட்டிவிட்டன. முடிச்சூருக்கு வந்து நம்மை மீட்டதும் அந்தக் கண்ணாடி இழைதான், நன்றி மறக்கலாகாது.

ஆனால் தையல் முற்றும் சாகவில்லை. 1963இல் இங்கிலாந்தில் மிரர் என்னும் சிறு படகு வந்தது. பிளைவுட் தகடுகளின் விளிம்பில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, பொருத்தின்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பசையால் ஒட்டுவது அதன் முறை. வீட்டுக் கொட்டகையிலேயே செய்யலாம். பல்லாயிரம் பேர் செய்தார்கள். அதே முறை 1980களில் நம் குமரி மாவட்டத்து முட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்து அங்கே உழைத்த பியேர் ஜில்லே போன்றோரின் முயற்சியால், மீனவர் சங்கங்களின் பட்டறைகளில் பிளைவுட் படகுகள் தைத்து ஒட்டப்பட்டுக் கடலில் இறங்கின. இதைச் சொன்னபோது அந்தத் தம்பி திகைத்துவிட்டார். அவர் பிறந்த ஊர் முட்டத்திலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்!

கயிற்றுத் தையலும் திரும்பியிருக்கிறது. அஜந்தா ஓவியத்தில் உள்ள 5ஆம் நூற்றாண்டுக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு, கேரளக் கைவினைஞர்கள் தென்னங்கயிற்றால் தைத்த கௌண்டின்யா என்னும் கப்பலை 2025ஆம் ஆண்டு மே மாதம் நம் கடற்படை ஏற்றுக்கொண்டது. அதன் மாதிரியை நீரில் விட்டுச் சோதித்தது கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி.தான். அருளப்பர் அடிகள் குறைபட்டுக்கொண்ட தையலுக்கு, அவர் தங்கிய மயிலையிலிருந்து சில கல் தொலைவில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனையும் கேட்டபின் அந்தத் தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. கயிற்றாலேயே தைத்துவிடலாமா என்று கோவளத்து முதியவரிடம் கேட்டார்.

"எங்க ஓட்டப் போற தம்பி?"

"முடிச்சூர்ல, தாத்தா. வெள்ளம் வந்தா."

"அங்க அலை ஏது? காம்பவுண்டு செவுரும் கேட்டும்தான இருக்கும். சரி, மத்த நாள்ல படகு எங்க கெடக்கும்?"

"கார் நிறுத்துற ஷெட்டுல."

முதியவர் தலையை ஆட்டினார். "வருசம் பூரா காயுற மரம் வாய் பொளந்துக்கும். கயிறும் வேணாம், ஆணியும் வேணாம். வெள்ளத்தன்னைக்கு எறக்குனா ஊறி அடைக்கிறதுக்குள்ள முழுகிடும்."

அதுதான் உண்மை. தைத்த படகாயினும் செப்பு ஆணி அடித்த படகாயினும், பலகையால் ஆனது நீரிலேயே வாழவேண்டியது. தாம்பரத்து வெயிலில் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்து, ஒரே இரவில் தெருவில் இறங்கவேண்டிய படகுக்கு உலர்ந்தாலும் சுருங்காத பொருள் வேண்டும், கசியாத பொருத்து வேண்டும், இருவர் தூக்கும் எடை வேண்டும். ஆகவே கடல் நீரைத் தாங்கும் பிளைவுட் வாங்கினார். புத்தகத்தில் உள்ளபடியே பலகைமேல் பலகை ஏற்றி, எபாக்சி பசையால் ஒட்டுகிறார். பசை இறுகும்வரை பிடித்து நிற்கச் செப்புக் கம்பித் தையல். இறுகியபின் கம்பியை வெட்டி எடுத்துவிடலாம். பசைக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே வண்ணப் பூச்சு.

சென்ற வாரம் போய்ப் பார்த்தோம். வண்டி நிறுத்தும் கொட்டகையில் படகு கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு பக்கம் முழுதும் ஒட்டியாயிற்று. மறுபக்கத்தில் மூன்று பலகைகள் பாக்கி, கம்பி முனைகள் முள்ளம்பன்றிபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவருடைய துணைவியார் காப்பி கொடுத்துவிட்டு, "மழைக்கு முன்னாடி வண்டியை எங்க விடுறதுன்னு கேளுங்க ஃபாதர்" என்றார். மழைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.